கூட்டுச் சைகை

பஞ்சு என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. குழாய்க் கிடங்கு இட்ட பெயர். ஓர் ஆள் நிமிர்ந்தபடி உள்ளே நடந்து போகும் அளவு பருமனான இரும்புக் குழாயைத் தம் கிரேனில் தூக்கிவந்து, மரக்கட்டைகளின்மேல் ஓசை எழாமல் வைப்பார். பஞ்சுப் பொதியை வைப்பதுபோல் வைக்கிறார் என்று யாரோ சொல்லப்போக, அன்றுமுதல் அதுவே அவருக்குப் பெயராயிற்று. கிரேனின் கேபின் மிக உயரத்தில் இருந்தது. அங்கே அவர் தேநீர் கொண்டுசெல்ல மாட்டார். பாட்டுக் கேட்க மாட்டார். கைப்பேசியைச் சோற்றுப் பெட்டிக்குள் வைத்து மூடிய பிறகே ஏணியில் கால் வைப்பார். மேலே போய் அமர்ந்துவிட்டால், கீழே நிற்பவர்களுள் ஒரே ஒருவருடைய கைகளைத்தான் பார்ப்பார்.

அந்தக் கைகளுக்கு உரியவர் அவருடைய தங்கையின் கணவர். கிடங்கில் அவருக்குக் கைகாட்டி என்று பெயர். கேபினில் இருப்பவருக்குக் குழாயின் மேற்பக்கம்தான் தெரியும். அதன் அடியில் இருப்பது கட்டையா, யாருடைய காலா என்பது தெரியாது. ஆகையால் கீழே ஒருவர் நின்று தூக்கு, இறக்கு, பொறு என்று கையினால் சொல்ல வேண்டும். அவ்வாறு சொல்பவர் ஒருவராகவே இருத்தல் வேண்டும் என்பது அத்தொழிலின் பழைய வழக்கம். ஒரே ஒரு விலக்கு உண்டு. இரு கைகளையும் தலைக்குமேல் விரித்து உயர்த்தினால் 'நிறுத்து' என்று பொருள். அதை மட்டும் வாயிற்காவலர்கூடக் காட்டலாம். காட்டியவர் யார் என்று பாராமல் கிரேன் நிற்கும்.

ஒருமுறை கிடங்கு மேலாளரே கீழே நின்று, "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கை வீசிக் கூவினார். பஞ்சு அவரைப் பார்க்கவே இல்லை. இறங்கிவந்தபின் மேலாளர் காரணம் கேட்டார்.

"நீங்க மேனேஜருங்க. கை காட்டறவர் அவருங்க," என்றார் பஞ்சு.

இதை மரியாதையாகக் கொள்வதா, அவமரியாதையாகக் கொள்வதா என்பதை மேலாளர் இன்னும் முடிவு செய்யவில்லை.

குழாயில் பெல்ட் கட்டிக் கொக்கியில் மாட்டுவதற்கு இருவர் இருந்தனர். ஒருவர் அக்கா. அவர் பஞ்சுவைவிட இளையவர். ஆயினும் பஞ்சு உட்பட யாவரும் அவரை அக்கா என்றே அழைத்தனர். மாற்றி அழைத்துப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. மற்றவர் வாத்தியம். அவர் வாய் ஓயாது. தேநீர் வேளையில் அந்த வாயினால் எல்லாரும் துன்புற்றார்கள். ஆனால், குழாய் அந்தரத்தில் தொங்கும்போது வாத்தியமும் வாய் திறக்க மாட்டார். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், ஒருவர் கையைப் பார்த்தே நெடுங்காலம் வேலை செய்துவந்தனர். ஒருவருக்கும் நகக்கண்ணில்கூடக் காயம் பட்டதில்லை.

இத்தகைய கிடங்கில் ஒரு நாள் குழுவுணர்வு வளர்ச்சிப் பிரிவு தோன்றியது. பக்கத்து நிறுவனத்தில் அப்படியொன்று தோன்றியிருந்ததே அதற்குக் காரணம். இந்தக் கிடங்கில் இருந்த இன்னொரு கிரேன் ஓட்டுநர் ஓய்வு பெற்றபின் அவருடைய இடம் நிரப்பப்படாமல் இருந்தது. அவ்விடத்துக்குரிய சம்பளத்தைக்கொண்டு குழுவுணர்வு அதிகாரி ஒருவர் நியமிக்கப்பெற்றார். ஓட்டுநர் இல்லாவிட்டாலும் குழு இருக்கலாம், குழுவுணர்வு இல்லாவிட்டால் ஓட்டுநர் எதற்கு என்று தலைமை அலுவலகம் கருதியது.

அதிகாரி புன்னகையைக் காலையில் அணிந்தால் மாலையில்தான் கழற்றுவார். முதல் நாள் அவர் ஆற்றிய உரை சுருக்கமானது.

"நான் இதுக்கு முன்னாடி ரெண்டு கம்பெனில டீம் கட்டினவன். அந்த ரெண்டு கம்பெனியும் இப்போ இல்ல. ஆனா, மூடின அன்னைக்குக்கூட எல்லாரும் ஒண்ணா நின்னு கைதட்டிட்டுத்தான் வெளிய போனாங்க. அதுதாங்க டீம்!"

பண்டகசாலைப் பணியாளர்கள் கைதட்டினர்.

அதிகாரி மாடியில் குளிரூட்டப்பட்ட அறையின் சன்னலுக்குப் பின்னால் அமர்ந்து கிரேன் குழுவைச் சில நாள் உற்று நோக்கினார். பிறகு எல்லாரையும் கூட்டி, தாம் கண்டவற்றைப் படித்தார்: "இக்குழுவில் ஒருவர் ஆணையிடுகிறார்; மற்றவர்கள் கீழ்ப்படிகிறார்கள். ஓட்டுநர் சக பணியாளர்களைக் குனிந்தும் பார்ப்பதில்லை. வேலை நேரத்தில் சிரிப்பு இல்லை. கருத்துப் பரிமாற்றம் இல்லை. அங்கு நிலவும் அமைதி, அடக்கி வைக்கப்பட்ட மனக்குமுறலைக் காட்டுகிறது."

கிரேன் குழுவுக்குக் கிடங்கிலேயே மிகக் குறைந்த மதிப்பெண் கிடைத்தது. முதலிடம் பண்டகசாலைக் குழுவுக்கு. அங்கே எல்லாரும் காலைதோறும் தழுவிக்கொண்டனர். கேட்ட பொருளை அவர்கள் எடுத்துக்கொடுத்து நெடுநாள் ஆகியிருந்தது. ஆனால் 'இல்லை' என்பதை எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"தலைமை இயக்குநர் வரப்போறார். அதுக்குள்ள மார்க் ஏறலைன்னா இந்த டீமைக் கலைச்சிடுவோம்," என்றார் அதிகாரி, புன்னகை மாறாமல். "முதல்ல கை காட்டற போஸ்ட்டை எடுத்துடலாம். கை எல்லாருக்கும் இருக்கே? அதுக்கு எதுக்குத் தனியா ஒரு ஆள்?"

கைகாட்டி தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். பஞ்சு கைகாட்டியைப் பார்த்தார்.

மறுநாள் பயிற்சி தொடங்கியது. கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டன. அதற்கு மனம் திறக்கும் வட்டம் என்று பெயர். குழாய் ஏற்றிவந்த லாரி வாயிலில் ஒலியெழுப்பிக்கொண்டிருந்தது.

"உங்க மனசுல இப்போ என்ன ஓடுது? தயங்காமச் சொல்லுங்க," என்று அதிகாரி கைகாட்டியைக் கேட்டார்.

கைகாட்டி நெடுநேரம் சிந்தித்தார். "லோடு வண்டி வாசல்ல நிக்குதுங்க."

"அது வேலை. நான் கேட்டது உணர்வு."

"வண்டி நின்னா கவலையாத்தான் இருக்குதுங்க."

"சார், அவருக்கு உணர்வெல்லாம் முழங்கைக்குக் கீழதான்," என்றார் வாத்தியம்.

"உனக்கு வாயைத் தவிர வேற எங்க இருக்கு?" என்றார் அக்கா.

குழுவில் உட்பகை நிலவுகிறது என்று அதிகாரி குறித்துக்கொண்டார். அதற்கு மருந்தாக அடுத்த பயிற்சியை அவரே செய்துகாட்ட முன்வந்தார். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்புறமாகச் சாய வேண்டும். மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதனால் நம்பிக்கை பிறக்கும். அதிகாரி ஒரு பெஞ்சின்மேல் ஏறி, முதுகைக் காட்டி நின்றார். பஞ்சு, அக்கா, வாத்தியம் மூவரும் கைகளை நீட்டிக்கொண்டு ஆயத்தமாக நின்றனர்.

"உங்களை நம்பி விழறேன்!" என்றார் அதிகாரி.

மூவரும் வழக்கப்படி கைகாட்டியைப் பார்த்தனர். பெஞ்சின் ஒரு கால் ஆடுவதைக் கண்ட கைகாட்டி, 'பொறு' என்பதற்கு அடையாளமாக கையை முட்டியாக மடக்கி உயர்த்தியிருந்தார். ஆகவே மூவரும் பொறுத்தனர். கண்ணை மூடியிருந்த அதிகாரிக்கு அந்தச் சைகை தெரியவில்லை. அவர் பொறுக்கவில்லை.

"ஐயையோ, கை காட்டறதுக்குள்ள விழுந்துட்டீங்களே சார்!" என்று அக்கா ஓடிப்போய்த் தூக்கினார்.

அதன்பின் அதிகாரி கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு வந்தார். புன்னகை இருந்தது, தலை மட்டும் திரும்பவில்லை. தரையில் கிடந்தபோதே அவருக்கு உண்மை விளங்கிவிட்டதாம். அக்குழுவின் நோய் ஒற்றை ஆளின் கை. அந்தக் கைக்கு மற்றவர்கள் அடிமையாகிக் கிடக்கிறார்கள். இந்த அறிவின் பயனாகக் கூட்டுச் சைகை முறை பிறந்தது. அதற்கான சுற்றறிக்கையைப் பஞ்சு தேநீர்க் கொட்டகைக்கு எடுத்துவந்தார்.

"கீழ நிக்கிறவங்க எல்லாரும் கை காட்டணுமாம். எந்தப் பக்கம் ஆள் அதிகமோ, அப்படி நான் ஓட்டணுமாம்," என்றார்.

"நான் தூக்குன்னு காட்டி, அக்கா இறக்குன்னு காட்டினா?" என்றார் வாத்தியம்.

"மாப்ள எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்."

"அவர் சும்மா நின்னா?"

"சும்மா நிக்கக் கூடாதாம். அது ஒத்துழையாமையாம். இன்னொண்ணும் போட்டிருக்கு. ரெண்டு கையையும் மேல விரிச்சு 'நிறுத்து'ன்னு காட்டவே கூடாதாம். எதிர்மறைச் சிந்தனையாம். அதுக்குப் பதிலா ரெண்டு கையையும் நெஞ்சுல வெச்சுச் சிரிக்கணுமாம்."

அக்கா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "ஏண்ணே, நான் சிரிக்கிறது உனக்கு மேலருந்து தெரியுமா?"

"நீ நிக்கிறதே சின்னப் புள்ளியாத்தான் தெரியும்."

"சின்னப் புள்ளி! இந்த உடம்பைப் பார்த்து இதுவரைக்கும் ஒருத்தர் வாயிலருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்ல. இன்னொரு தடவை சொல்லுண்ணே."

யாவரும் சிரித்தனர், கைகாட்டி சிரிக்கவில்லை.

"மச்சான், நீ இதுக்கு ஒத்துக்காதே."

"ஒத்துக்கலைன்னா உன் வேலை போயிடும் மாப்ள."

"போனாப் போகுது."

"இதை என் தங்கச்சிகிட்டப் போய்ச் சொல்லிட்டு வா, பார்ப்போம்."

அன்று மாலை பஞ்சு அதிகாரியின் அறைக்குச் சென்று, கூட்டுச் சைகைப்படி கிரேனை ஓட்டச் சம்மதம் என்று சொல்லிவிட்டு வந்தார். வேலையைக் காப்பாற்ற அது ஒன்றுதான் வழி என்று அவருக்குத் தோன்றியது.

இரு குடும்பமும் ஒரே வீட்டில், மாடியிலும் கீழுமாகக் குடியிருந்தன. பஞ்சு கீழ்வீட்டுக்குப் போனபோது தங்கை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கு முன்னரே வந்துவிட்டது.

"சரின்னு சொல்லிட்டியாமே?"

"உங்களுக்காகத்தான் சொன்னேன்."

"எங்களுக்காகன்னா எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்." கணவருடைய சட்டையை உதறி மடித்தார். "வேலை போனா வேற வேலை தேடிக்கலாம். அண்ணா, ஒண்ணு கேக்கறேன். நாளைக்குக் குழாய்க்கு அடியில அவருக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா, அந்தச் சுற்றறிக்கை எழுதினவர் என் வாசலுக்கு வருவாரா?"

மடித்த சட்டையை அடுக்கின்மேல் வைத்தார்.

"வரமாட்டார். நீதான் வரணும். வந்து என்ன சொல்லுவே? எல்லாரும் இறக்கச் சொன்னாங்க, இறக்கிட்டேன்னா?"

பஞ்சு அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

தலைமை இயக்குநர் வரும் நாளில் நடக்கவிருந்த விழாவுக்கு ஒத்திகைகள் நடந்தன. சைகை காட்டுவோர் தொகை போதாது என்று பண்டகசாலைக் குழுவினரும் வரிசையில் சேர்க்கப்பட்டனர். எல்லாருக்கும் மஞ்சள் தொப்பி வழங்கப்பட்டது. முதல் ஒத்திகையில், தூக்கப்பட்ட குழாய் பெரும்பான்மையின் விருப்பப்படி கிழக்கே சென்றது; விருப்பம் மாறியதால் மேற்கே வந்தது; மேலாளருடைய கார்மீது சற்றுநேரம் தயங்கி நின்றது; மதிய உணவுக்கு மணி அடித்தபோது, எடுத்த இடத்திலேயே வந்து அமர்ந்தது. அதை ஏற்றிப்போக வந்திருந்த லாரி வெறுமையாகத் திரும்பிப் போயிற்று.

"குழாய் எங்க போச்சுங்கிறது முக்கியமில்ல. எல்லாரும் சேர்ந்து போனோமே, அதுதான் முக்கியம்!" என்றார் அதிகாரி.

இரண்டாம் ஒத்திகைக்கு முன்பாகப் பஞ்சு அவரைத் தனியே கண்டார்.

"சார், கீழ ஒருத்தர் காட்டறதே சரிங்க. இவ்வளவு கைய ஒரே நேரத்துல பார்க்க முடியலைங்க. ஏதாவது விபத்து ஆயிடும்."

அதிகாரி அவர் தோளில் கைவைத்தார். "பஞ்சு சார், விபத்து நம்ம உடம்புல நடக்குது. அவநம்பிக்கை நம்ம கலாசாரத்துல நடக்குது. முதலாவதுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. ரெண்டாவதுக்கு நான் மட்டும்தான் இருக்கேன்."

அன்று இன்னும் ஒரு திருத்தம் சேர்ந்தது. ஒருவர் இடத்தில் இன்னொருவர் நின்று பார்த்தாலன்றிப் பிறர் மனம் புரியாது. ஆதலால் விழாவன்று எல்லாரும் பணி மாற்றிக்கொள்ள வேண்டும். அக்காவும் வாத்தியமும் வரிசையில் நின்று சைகை காட்டுவர். கைகாட்டி குழாய்க்கு அருகே சென்று, அது உருளாதிருக்க மரக்கட்டை வைப்பார். கட்டை வைப்பது வாத்தியத்தின் வேலை. கைகாட்டிக்கு அதில் பழக்கம் இல்லை. கேபினிலும் வேறொருவரை ஏற்ற அதிகாரி விரும்பினார். கிரேன் ஓட்டும் உரிமம் பஞ்சு ஒருவரிடமே இருந்தமையால், அந்த ஆசை அப்போதைக்கு நிறைவேறவில்லை.

விழா நாள் வந்தது. தலைமை இயக்குநர் மேடையில் அமர்ந்தார். குழுவுணர்வை ஓட்டுநருடன் உடனுக்குடன் பகிர்ந்துகொள்வதற்காகக் கேபினுக்கு வெளியே ஓர் ஒலிபெருக்கி கட்டப்பட்டிருந்தது. காற்று காலைமுதல் பலமாக வீசியது. அத்தகைய நாளில் பஞ்சு பெரிய குழாயைத் தொட மாட்டார். அன்று பெரிய குழாயைத் தவிர வேறெதுவும் தொடலாகாது என்று நிகழ்ச்சி நிரல் விதித்திருந்தது.

மஞ்சள் தொப்பிகள் வரிசையாக நின்றன. எல்லாக் கைகளும் மேல்நோக்கிச் சுழன்றன. பஞ்சு தூக்கினார். கைகள் இடப்பக்கம் சாய்ந்தன. பஞ்சு நகர்த்தினார். குழாய் காற்றில் மெல்லத் திரும்ப முயன்றது. பஞ்சு அதை அடக்கிக்கொண்டே அடுக்கின் மேலாகக் கொண்டுவந்தார். அங்கே, ஏற்கெனவே கிடந்த குழாய்க்கும் புதிதாக வரும் குழாய்க்கும் நடுவில் கைகாட்டி குனிந்து கட்டையைச் செருகிக்கொண்டிருந்தார். தொங்கிய குழாய் அவரை மறைத்தது. பஞ்சுவுக்கு அதற்குமேல் அவர் தெரியவில்லை.

கட்டை வழுக்கியது. கைகாட்டியின் கால், காலணியோடு, கட்டைக்கும் கீழ்க்குழாய்க்கும் இடையே மாட்டிக்கொண்டது. இழுத்தார்; வரவில்லை. மேலே பார்த்தார். இரும்பு, வானத்தை முழுவதும் மூடியபடி அசைந்தது.

அவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். இரு கைகளையும் நெஞ்சில் வைத்து, மேடைப் பக்கம் திரும்பி, தம்மால் இயன்ற அளவு சிரித்தார்.

தலைமை இயக்குநர் அதைக் கண்டார், உள்ளம் நெகிழ்ந்தார். குழாய்க்கு அடியில் நின்றும் தமக்கு வணக்கம் செலுத்தும் ஒரு தொழிலாளியை அவர் அதற்குமுன் கண்டதில்லை. பெரியவர்கள் 'போதும், போதும், இருக்கட்டும்' என்று சொல்வதுபோல, உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல மெல்ல அசைத்தார்.

மஞ்சள் தொப்பிகள் தலைமை இயக்குநரைப் பார்த்தன. அவரே இறக்கச் சொல்கிறார். எல்லாக் கைகளும் ஒருசேரக் கீழ்நோக்கி அசைந்தன.

பஞ்சுவின் கை நெம்புகோலை அழுத்தியது. குழாய் இறங்கத் தொடங்கியது.

அவர் கண்கள் மட்டும் பழைய வழக்கத்தால், எப்போதும் கைகாட்டி நிற்கும் இடத்துக்குச் சென்றன. அங்கே பண்டகசாலை எழுத்தர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கட்டை வைத்துவிட்டு வெளியே வந்திருக்க வேண்டிய மாப்பிள்ளை எங்கே? வரிசையில் தேடினார், மேடையருகே தேடினார், எங்கும் இல்லை. எங்கும் இல்லையெனில் இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான்.

குழாய் நின்றது.

"பஞ்சு சார்! ஏன் நிறுத்திட்டீங்க?" என்றது ஒலிபெருக்கி. "எல்லாரும் இறக்கச் சொல்றோம். டைரக்டர் சாரே சொல்றார். நம்புங்க சார்! உங்க டீமை நம்புங்க!"

பஞ்சு அசையவில்லை. காற்று குழாயின் ஒரு முனையைத் தள்ளியது, பெல்ட் முனகியது.

"பாருங்க, ஒரு கைகூட மாறல! இப்படி ஒரு ஒற்றுமையை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல! இறக்குங்க சார்!"

அப்போது குழாயின் விளிம்புக்கு வெளியே இரண்டு கைகள் நீண்டன. முகம் தெரியவில்லை, உடல் தெரியவில்லை. கைகள் மட்டும், தடைசெய்யப்பட்ட முறையில், அகல விரிந்து நின்றன. பஞ்சு அந்த விரல்களை அறிவார்.

அதிகாரியும் அவற்றைக் கண்டார். "அது ஒரே ஒரு வோட்டு சார்! ஒருத்தருக்காக இத்தனை பேரை அவமானப்படுத்தலாமா?"

பஞ்சு நெம்புகோல்களிலிருந்து இரு கைகளையும் எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். 

அக்கா அந்தக் கைகளைப் பார்த்ததும் தொப்பியை எறிந்துவிட்டு ஓடினார். "யோவ், வாய் மட்டும் போதுமா? வாய்யா!" என்று அவர் அலறியதைக் கேட்டு வாத்தியமும் பின்னால் ஓடினார். ஒருவர் தோளைப் பற்றினார். மற்றவர் இடுப்பைப் பற்றினார்.

"காலைத் திருப்புங்க... அப்படியில்ல, உள்பக்கமா!"

"வரலை, விட்டுட்டுப் போங்க!"

"வாயை மூடுங்க. செருப்பைக் கழட்டறேன்..." என்றார் வாத்தியம். அன்று அவர் பேசிய கடைசிச் சொல் அதுவே.

கால் வந்தது. மூவரும் ஒருவர்மேல் ஒருவராகப் பின்னால் போய் விழுந்தனர். காலணி கட்டைக்கு நடுவிலேயே கிடந்தது.

அவர்கள் எழுந்து விலகிச் சென்றதைக் கண்ட பிறகு, பஞ்சு நெம்புகோலைத் தொட்டார். குழாய் தன் இடத்தில் வந்து அமர்ந்தது. ஓசை எழவில்லை. பண்டகசாலைக் குழுவினர் கைதட்டினர்.

மதியம் எல்லாரும் கூடத்தில் கூடினர். தட்டையாகிப்போன காலணி மேடைமீது ஒரு துணியின்மேல் வைக்கப்பட்டிருந்தது. கைகாட்டி ஒரு கால் வெறுங்காலாக முன்வரிசையில் அமர்ந்திருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது.

தலைமை இயக்குநர் பேசினார்:

"நான் எத்தனையோ கிடங்கு பார்த்திருக்கேன். ஆனா, தலைக்கு மேல அவ்வளவு பெரிய குழாய் தொங்க, கீழ எல்லாரும் ஒரே மாதிரி கை அசைச்ச காட்சியை இங்கதான் பார்த்தேன். ஒரே ஒருத்தர் மட்டும் அந்த ஒற்றுமைல சேரல. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தனியா நின்னுட்டாரேன்னு ரெண்டு பேர் ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க பாருங்க, எனக்குக் கண் கலங்கிடுச்சு. அதுதான் குழுவுணர்வு!"

அதிகாரி முடிவுகளை அறிவித்தார். உயிர்ச்சேதம் எதுவும் நேராமைக்குக் கூட்டுச் சைகை முறையே காரணம். ஆதலால் அது எல்லாக் கிடங்குகளுக்கும் விரிவாக்கப்படும். கிரேன் குழுவின் மதிப்பெண் பெரிதும் உயர்ந்துவிட்டது, குழு கலைக்கப்படாது. காலணி ஒன்றைக் கவனக்குறைவால் சேதப்படுத்தியமைக்காகக் கைகாட்டிக்கு மதிப்பெண்ணில் சிறிது குறைக்கப்பட்டது. ஆயினும் குழாய்க்கு அருகில் அவர் நின்ற தோற்றம் தலைமை இயக்குநருக்குப் பிடித்துப்போனமையால், இனி நிலையாக அவர் அங்கேயே நிற்பார்.

"கடைசியா ஒரு நல்ல செய்தி," என்றார் அதிகாரி. "நம்ம பஞ்சு சார், கொஞ்சம் தயங்கினாலும், கடைசில குழாயை இறக்கிட்டார். பெரும்பான்மையை மதிச்சிட்டார். அவரைக் குழுவுணர்வுத் தூதரா ஆக்கறோம். இனிமே அவர் வெயில்ல ஏணி ஏற வேண்டாம். மாடில ஏசி ரூம்ல என் பக்கத்துலயே நாற்காலி. கேபினுக்குப் பண்டகசாலைலருந்து ஒருத்தரை டிரெயினிங்குக்கு அனுப்பறோம். கிடங்குலயே அதிக மார்க் வாங்கினவர். சொன்னா அப்படியே கேப்பார்."

பண்டகசாலை எழுத்தர் எழுந்து, எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். இதுவரை அவர் ஏணியில் ஏறியதில்லை. இறக்கு என்று யார் சொன்னாலும் இறக்கிவிடுவார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கைதட்டல் அடங்கியது. பஞ்சுவை மேடைக்கு அழைத்தார்கள். அவர் மேடைக்குப் போகவில்லை; இருந்த இடத்திலேயே எழுந்து நின்றார். அக்கா அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து, "அண்ணே, கோபப்படாதே. மெதுவாப் பேசு," என்று முணுமுணுத்தார். பஞ்சுவுக்குக் கோபம் இல்லை.

"அந்த நாற்காலி எனக்கு வேண்டாங்க," என்றார். "நாளைக்குக் காலைல நான்தான் மேல ஏறுவேன். கீழ எத்தனை பேர் வேணும்னாலும் நின்னு கை காட்டிக்கட்டும். நான் மாப்பிள்ளை கையை மட்டும்தான் பார்ப்பேன். அவர் கை காட்டற இடத்துல நிக்கலைன்னா, கொக்கியை இறக்க மாட்டேன்."

தலைமை இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பஞ்சு சார், இப்படிப் பேசினா உங்க வேலையே போயிடலாம், தெரியுமில்ல?" என்றார் அதிகாரி. புன்னகை அப்போதும் அங்கேயே இருந்தது.

"தெரியுங்க."

"சரி, இது உங்க டீம் கூடிப் பேசி எடுத்த முடிவா?"

"இல்லீங்க," என்றார் பஞ்சு. "நான் எடுத்தது."